ஹெப்பரின் ஏற்றியும் ஏறாத ஏசிடி: ஒரு மைட்ரல் வால்வு சத்திரசிகிச்சையின் காலையும் மாலையும்

காலை 9.40க்கு, இரத்தத்தை உறைய விடாத மருந்தான ஹெப்பரின் 14,000 அலகு உள்ளே போயிற்று. மூன்று நிமிடம் கழித்து எடுத்த இரத்தத்தில் ஏசிடி, அதாவது இரத்தம் உறைய எடுக்கும் நேரம், 262 செக்கன். சத்திரசிகிச்சை நிபுணர் பெருநாடியில் சுருக்குத் தையல்களைப் போட்டு முடித்து, குழாயை வாங்கக் கையை நீட்டியபடி "எவ்வளவு?" என்றார். சொன்னேன். "இன்னொரு தடவை பாருங்க." புதுக் குழாய், புது இரத்தம். 255.

480க்கு மேல் போகாமல் நாங்கள் பம்பை ஓட்டுவதில்லை.

நான் பெர்ஃபியூஷனிஸ்ட். இதயத்தை நிறுத்திச் சத்திரசிகிச்சை செய்யும் நேரத்தில், இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக வேலை செய்யும் இயந்திரத்தை ஓட்டுகிறவன். தியேட்டரில் அதன் பெயர் வெறும் 'பம்ப்'. இங்கே எழுதுவது மலையகத்து அரச வைத்தியசாலை ஒன்றில் நான் பம்பில் இருந்த ஒரு நாளைப் பற்றி. நோயாளியிடம் கேட்டுச் சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன், எண்களில் கை வைக்கவில்லை.

நோயாளி

43 வயது. மஸ்கெலியாப் பக்கத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிப்பவர், மூன்று பிள்ளைகளின் தாய். எடை 46 கிலோ, உயரம் 150 சென்ரிமீற்றர். பதினொரு வயதில் மூட்டுக்கு மூட்டு வீங்கிக் காய்ச்சலில் கிடந்திருக்கிறார். தொண்டையில் வந்த ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமிக்கு எதிராக உடல் கிளப்பும் போர், ஆளைத் தவறிப் போய் இதய வால்வுகளையும் தாக்கும் வாதக் காய்ச்சல் அது. பத்தடி லயக் காம்பராவில் ஏழெட்டுப் பேர் படுத்துறங்கும் இடத்தில் தொண்டைக் கிருமி ஒருவரோடு நிற்பதில்லை. மாதா மாதம் போட வேண்டிய பென்சிலின் ஊசியைச் சில வருடம் போட்டார். கல்யாணமாகி வேறு தோட்டத்துக்குப் போனதோடு அது நின்றுவிட்டது.

முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு, கொழுந்துக் கூடையோடு மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கியது. தொய்வு என்று எல்லோரும் நினைத்தார்கள், வாயால் இழுக்கும் மருந்தும் கொடுத்தார்கள். ஒரு நாள் காலை பெரட்டுக்கு (வேலைக்குப் பேர் பதியும் இடத்துக்கு) கிளம்பும்போது அரை மணி நேரம் வாய் குழறிப் பேச்சு வரவில்லை. பிறகு தானாகச் சரியாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் எக்கோ எடுத்தார்கள். இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள மைட்ரல் வால்வின் வாய் 0.8 சதுர சென்ரிமீற்றராகச் சுருங்கியிருந்தது (சாதாரணமாக 4 முதல் 6 வரை இருக்கும்). இடது மேலறை ஊதிப் பெருத்து, ஒழுங்கில்லாமல் துடித்தது. உள்ளே சுவரோடு ஒட்டி ஒரு இரத்தக் கட்டி. நுரையீரல் நாடியின் அழுத்தம் 70. கட்டி இருந்ததால் பலூன் விட்டு வால்வை விரிக்கும் வழி அடைபட்டது. திறந்து, கட்டியை எடுத்து, உலோக வால்வு வைக்கத் தீர்மானித்தார்கள்.

இரத்தம் உறையாமல் இருக்கக் குடித்துவந்த வார்ஃபரின் மாத்திரையை நிறுத்தி, இடைப்பட்ட நாட்களுக்கு ஹெப்பரினை நாளத்தின் வழியே தொடர்ந்து ஏற்றினார்கள். ஐந்து நாட்களில் முடிய வேண்டிய ஏற்பாடு அது. ஐசியூவில் கட்டில் இல்லாமல் ஒரு தடவையும், அவசர நோயாளி ஒருவர் வந்து இன்னொரு தடவையும் தேதி தள்ளிப்போயிற்று. மொத்தம் பதினொரு நாள் ஹெப்பரின் ஓடியது. அந்தத் தாள் விடுதிக் கோப்பின் நடுவில் இருந்தது. முதல் நாள் மாலை நான் கோப்பைப் பார்த்தேன். எடை, இரத்த வகை, ஹீமோகுளோபின் எல்லாம் குறித்தேன். பதினொரு நாள் என்பதைப் படிக்கவும் செய்தேன். அதை அடுத்த நாள் காலையின் எண்ணோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

262 என்றால் என்ன

பம்பின் குழாய்கள், வடிகட்டி, ஒட்சிசன் ஏற்றும் கருவி எல்லாம் பிளாஸ்டிக். இரத்தம் அந்நியப் பொருளைத் தொட்டால் உறையத் தொடங்கும், அதுதான் அதன் குணம். உறையாமல் தடுக்க ஹெப்பரின். 1916இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் ஜே மக்லீன் என்ற மருத்துவ மாணவர், இரத்தத்தை உறைய வைக்கும் பொருளைத் தேடப் போய், உறைய விடாத பொருளில் இடறினார். அந்த ஆய்வு கிளைத்து ஹெப்பரினாக ஆயிற்று. அது இல்லாமல் 1953 மே 6ஆம் திகதி ஜோன் கிப்பன் இயந்திரத்தின் துணையோடு ஒரு பெண்ணின் இதயத்துக்குள் இருந்த துளையை வெற்றிகரமாக மூடியிருக்க முடியாது.

ஹெப்பரின் தானாக எதையும் தடுப்பதில்லை. இதைப் புதிதாக வரும் பயிற்சியாளர்களுக்குப் புரிய வைக்க நான் ஒரு தோட்டக் கணக்கு வைத்திருக்கிறேன். இரத்தத்திலேயே அன்டித்ரொம்பின் என்றொரு புரதம் உண்டு. உறைதலின் முக்கிய நொதியமான த்ரொம்பினைப் பிடித்து மடக்குவது அதுதான், ஆனால் ஆறுதலாகச் செய்யும். ஹெப்பரின் வந்து அதோடு சேர்ந்தால் அந்த வேலை ஆயிரம் மடங்கு வேகமாகும். அன்டித்ரொம்பின் கொழுந்து பறிக்கும் கை, ஹெப்பரின் அந்தக் கையை விரட்டும் கங்காணி. மலையில் ஆள் இல்லாவிட்டால் நாலு கங்காணி நின்று கத்தினாலும் கூடை நிறையாது.

பல நாள் தொடர்ந்து ஹெப்பரின் ஓடினால் அன்டித்ரொம்பின் செலவாகிக் குறைந்துபோகும். எங்கள் நோயாளிக்குப் பதினொரு நாள்.

ஏசிடி அளப்பது ஹெப்பரினின் அளவை அல்ல, இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை. 2 மில்லிலீற்றர் இரத்தத்தை ஒரு சிறு குழாயில் விடுவோம். அதற்குள் உறைதலைத் தூண்டும் தூளும் (செலைட் அல்லது கயோலின்) ஒரு குட்டிக் காந்தமும் இருக்கும். கருவிக்குள் 37 பாகையில் குழாய் மெதுவாகச் சுழலும். இரத்தம் உறைந்து காந்தத்தை இழுத்துக்கொண்டு போகும் கணத்தில் கடிகாரம் நிற்கும். ஹட்டர்ஸ்லி 1966இல் விபரித்த சோதனை இது. 480 என்ற எல்லை 1975இல் பிரையன் புல்லும் கூட்டாளிகளும் எழுதியதிலிருந்து வந்தது. பிறகு குரங்குகளில் செய்த சோதனையில் 400க்குக் கீழே ஃபைப்ரினின் (உறைகட்டியின் நார்) அடையாளங்கள் தெரியத் தொடங்கின. ஆகவே 400 போதும் என்பவர்களும் உண்டு, 480 வேண்டும் என்பவர்களும் உண்டு. இரண்டு பக்கத்துக்கும் சான்று மெலிந்ததுதான். ஆனால் 255ஐ வைத்துக்கொண்டு யாரும் வாதாட மாட்டார்கள்.

அந்த அறுபத்தெட்டு நிமிடம்

எண் ஏறாவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மருந்து போய்ச் சேர்ந்ததா என்பதைத்தான். மயக்க மருந்து நிபுணர் கழுத்து நாளக் குழாயிலிருந்து இரத்தத்தை இழுத்துக் காட்டினார். குழாய் சரியான இடத்தில் இருந்தது, மூன்றுவழித் திருகு திறந்திருந்தது. குப்பியின் பெயரையும் திகதியையும் இரண்டு பேர் உரக்கப் படித்தோம். கருவியின் வெப்பநிலை சரி. மருந்துக்கு முன் எடுத்த அடிப்படை ஏசிடி 128, அதிலும் குறையில்லை.

வேறு தொகுதி இலக்கமுள்ள குப்பியிலிருந்து 5,000 அலகு. 318. மேலும் 5,000. 347. இப்போது மொத்தம் 24,000, கிலோவுக்கு 522 அலகு. 500ஐத் தாண்டியும் 480 வராவிட்டால் அது ஹெப்பரின் எதிர்ப்பு என்பதே நாங்கள் பின்பற்றும் கணக்கு.

இங்கே ஒரு பயங்கரமான பங்காளியையும் ஒதுக்க வேண்டியிருந்தது. பல நாள் ஹெப்பரின் வாங்கிய சிலருக்கு அந்த மருந்துக்கு எதிராகவே பிறபொருளெதிரிகள் உண்டாகி, குருதிச் சிறுதட்டுகள் குறைந்து, அதே சமயம் இரத்தம் கண்ட இடத்தில் உறையும். அப்படியானால் இன்னொரு சொட்டு ஹெப்பரின் கூடக் கொடுக்கக் கூடாது. சேர்ந்த அன்று சிறுதட்டுகள் 262,000, அன்று காலை 221,000. பாதியாகக் குறைந்திருந்தால் பயப்படலாம். இது ஆறில் ஒரு பங்கு கூட இல்லை. புதிதாக எங்கும் கட்டியும் இல்லை. அதை ஒதுக்கினோம்.

அந்த நோய் இருப்பவர்களுக்குக் கொடுக்கும் மாற்று மருந்து பிவாலிருடின். அதன் பூர்வீகம் அட்டை. ஐரோப்பிய மருத்துவ அட்டையின் எச்சிலில் உள்ள ஹிருடினைப் பார்த்துச் செய்த மருந்து அது. த்ரொம்பினை நேராகப் பிடிக்கும், அன்டித்ரொம்பினின் துணை தேவையில்லை. மழைக் காலத்தில் மலையில் ஏறி இறங்கிய எவருக்கும் தெரியும், அட்டை உதிர்ந்த பிறகும் கடிவாயில் இரத்தம் வழிந்துகொண்டே இருக்கும். நம் ஊர் அட்டைக்கும் அதே மாதிரியான கைவேலை உண்டு. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது உப்புத் துணியைத் தேய்த்து அட்டை பிடுங்கிய எனக்கு, பாடப் புத்தகத்தில் ஹிருடின் வந்த நாள் நல்ல நாள்.

இனி என்ன? அன்டித்ரொம்பினை மட்டும் பிரித்தெடுத்துக் குப்பியில் அடைத்த மருந்து உலகத்தில் உண்டு, எங்கள் அலுமாரியில் இல்லை. உறைநிலையில் வைத்த பிளாஸ்மாவில் (இரத்தத்தின் நீர்ப் பகுதி) அன்டித்ரொம்பினும் கிடக்கிறது, மில்லிலீற்றருக்குக் கிட்டத்தட்ட ஓர் அலகு. இரண்டு பை ஏற்றினால் நானூறு, ஐந்நூறு அலகு கிடைக்கும். மயக்க மருந்து நிபுணர் தயங்கினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "வால்வு மூடிக்கிடக்கிறது, நுரையீரல் ஏற்கனவே நிரம்பி நிற்கிறது, அதில் அரை லீற்றரை ஊற்றச் சொல்கிறீர்கள்." சத்திரசிகிச்சை நிபுணர் இன்னும் 5,000 ஹெப்பரின் கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். 14,000க்குப் பிறகு கொடுத்த முதல் 5,000 கூட்டியது 56 செக்கன், அடுத்த 5,000 வெறும் 29. கங்காணியைக் கூட்டிக்கொண்டே போவதில் பலன் தேய்கிறது, ஆள்தான் வேண்டும்.

பிளட் பேங்குக்கு ஆள் ஓடினார். பிளாஸ்மாவைக் கரைக்க இருபத்தைந்து நிமிடம் பிடித்தது, 37 பாகைத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், அவசரப்பட்டுச் சூடு கூட்டினால் புரதங்கள் கெட்டுவிடும். இந்த நாட்டில் இரத்தம் முழுக்கத் தன்னார்வக் கொடையாளிகளிடமிருந்து வருவது. ஏதோ ஒரு போயா தினத்தில் விகாரையிலோ கோயில் மண்டபத்திலோ யாரோ கையை நீட்டிக் கொடுத்தது அந்த இரண்டு பையும். மெதுவாக, நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃபுரூசமைட் ஒரு டோஸோடு ஏற்றினோம். நுரையீரல் அழுத்தம் கொஞ்சம் ஏறி நின்றது, தாங்கினார்.

ஏசிடி 489. பம்பின் நிரப்பு நீரில் ஏற்கனவே 5,000 அலகு ஹெப்பரின் இருந்தது. பெருநாடியில் குழாய் இறங்கியது. 10.48க்குப் பம்ப் ஓடத் தொடங்கியது.

திரும்பிப் பார்த்தால் என் கணக்கில் ஒரு குறை தெரிகிறது. பதினொரு நாள் ஹெப்பரின் என்று தெரிந்த கணமே, தோலைக் கீறும் முன்பே, பிளாஸ்மாவைக் கரைக்கச் சொல்லியிருக்க வேண்டும். குறைந்தது 318ஐப் பார்த்ததும் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு 5,000 அலகைத் தவிர்த்திருப்போம். அது சின்ன எண்ணாகத் தெரிந்தது. மாலையில் அது வேறு மாதிரி வந்தது.

பம்பில்

பம்பின் பகுதி சுருக்கமாகச் சொல்லக்கூடியது, நல்லபடியாகப் போன நாள் என்பதால். நிமிடத்துக்கு 3.3 லீற்றர் ஓட்டம். நோயாளி சிறிய உடல், பம்பை நிரப்பும் 1,300 மில்லிலீற்றர் கலந்தால் இரத்தம் மிகவும் நீர்த்துவிடும். ஆகவே நிரப்பு நீரிலேயே ஒரு பை செங்குருதிக் கலங்கள் சேர்த்தேன். ஹீமட்டோகிரிட் (இரத்தத்தில் செங்குருதிக் கலங்களின் வீதம்) 22இல் நின்றது. இரத்தப்போக்கைக் குறைக்க டிரனெக்சாமிக் அமிலம் தோல் கீறும் முன்பே தொடங்கியிருந்தது. அதைக் கட்டுப்பாடில்லாமல் கூட்டினால் பின்னால் வலிப்பு வரும் என்பதால் அளவோடுதான்.

ஐந்தாம் நிமிடத்தில் ஏசிடி 534. உடலை 30 பாகைக்குக் குளிர்வித்த பின் 596. இங்கேதான் புதியவர்கள் ஏமாறுவார்கள். குளிரிலும் நீர்த்த இரத்தத்திலும் ஏசிடி தானாகவே நீளும். 596ஐப் பார்த்து ஹெப்பரின் நிறைய இருக்கிறது என்று நினைத்துக் காலாட்டிக்கொண்டு உட்காரக் கூடாது. திரும்பச் சூடாக்கும்போது ஹெப்பரினும் வேகமாக அழியும், குளிர் தந்த பொய் நீளமும் போகும். இரண்டும் ஒரே நேரத்தில். அப்படியே நடந்தது. 60ஆம் நிமிடத்தில் 548, 90ஆம் நிமிடத்தில் 36 பாகையில் 421. 5,000 அலகு கொடுத்தேன், 502 ஆயிற்று. பிளாஸ்மா கொடுத்த பிறகு அதே 5,000 அலகுக்கு எவ்வளவு ஏறுகிறது பாருங்கள், 81 செக்கன். காலையில் 29.

இடது மேலறையைத் திறந்தபோது கட்டி கோழி ஈரல் நிறத்தில், பழையதும் புதியதுமாக அடுக்கடுக்காக இருந்தது. அதை ஒரு துண்டும் மிஞ்சாமல் எடுக்கும்வரை யாரும் இதயத்தை அசைக்கவில்லை. வால்வு சுண்ணாம்பு கட்டிப் பலகை மாதிரி. உலோக வால்வு உட்கார்ந்தது. 118 நிமிடத்தில் பம்பிலிருந்து வெளியே வந்தோம். ஒட்சிசன் ஏற்றியிலும் வடிகட்டியிலும் நார் மாதிரி எதுவும் இல்லை. வேலை முடிந்த பிறகு அவற்றைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது என் பழக்கம்.

புரோட்டமின்

ஹெப்பரினை முறிப்பது புரோட்டமின். ஹெப்பரின் எடுப்பது பன்றியின் குடல் சவ்விலிருந்து, புரோட்டமின் சால்மன் மீனின் விந்திலிருந்து. இந்தத் தகவலைச் சம்மதம் வாங்கும்போது சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. இஸ்லாமிய நோயாளிகளிடமும் சைவம் சாப்பிடுபவர்களிடமும் சொல்லியிருக்கிறேன், யாரும் மறுத்ததில்லை. ஆனால் சொல்லாமல் விட்டுப் பிறகு அவர்கள் கேள்விப்படுவது சரியல்ல.

100 அலகு ஹெப்பரினுக்கு 1 மில்லிகிராம் என்பது பொதுக் கணக்கு. மொத்தம் கொடுத்த 34,000ஐயும் கணக்கில் எடுத்தால் 340 வரும். அது கூடாது. ஹெப்பரின் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகக் கரைந்துவிடும், அதில் பெரும்பகுதி இப்போது இல்லை. எஞ்சிய புரோட்டமினோ தானே சிறுதட்டுகளைக் கெடுத்து இரத்தப்போக்கை உண்டாக்கும். பம்புக்கு முன் கொடுத்த 24,000ஐ மட்டும் வைத்து, அதற்கும் கீழே, 200 மில்லிகிராம் என்று பேசி முடிவு செய்தோம்.

புரோட்டமின் தொடங்கும் முன் என் வாயிலிருந்து ஒரு சத்தம் போயாக வேண்டும். "சக்கர் நிறுத்தியாச்சு!" இதயத்தின் பக்கத்திலிருந்து இரத்தத்தை உறிஞ்சிப் பம்புக்குள் கொண்டுவரும் குழாய் அது. புரோட்டமின் கலந்த இரத்தம் அதன் வழியாகப் பம்புக்குள் வந்தால் எல்லாம் உறைந்துபோகும், திரும்பப் பம்பில் போக வேண்டிய அவசரம் வந்தால் பம்பே இருக்காது. முதலில் 10 மில்லிகிராம் மட்டும். சிலருக்கு இரத்த அழுத்தம் சரியும், சிலருக்கு ஒவ்வாமை வரும், அரிதாக நுரையீரல் நாளங்கள் இறுகி வலது இதயம் திணறும். இவருக்கு நுரையீரல் அழுத்தம் ஏற்கனவே கூடுதல். மயக்க மருந்து நிபுணர் பதினைந்து நிமிடத்துக்கு நீட்டினார். ஏசிடி 131. அடிப்படை 128. எல்லோருக்கும் திருப்தி.

பம்பில் மிச்சமிருந்த இரத்தத்தை, ஏறக்குறைய 700 மில்லிலீற்றர், இரண்டு பைகளில் எடுத்தேன். நோயாளியின் சொந்த இரத்தம், அதை வீணாக்குவதில்லை. நெஞ்சை மூடும்போது ஒன்று ஏறியது. மற்றது ஐசியூவில். பைகளில் பெயர், படுக்கை இலக்கம், நேரம் எழுதினேன். ஹெப்பரின் உள்ள இரத்தம் என்று எழுதவில்லை. அது எனக்குத் தெரிந்த விஷயம், ஆகவே எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்று நினைத்துவிட்டேன்.

மாலை

நெஞ்சுக் குழாயில் முதல் மணி நேரம் 90 மில்லிலீற்றர், அடுத்தது 110. மூன்றாவது மணி நேரத்தில் 240. நான் பம்பைக் கழுவிக்கொண்டிருந்தேன், ஐசியூ சிஸ்டர் கூப்பிட்டார்.

வெட்டிய இடத்தில் எங்கோ நாளம் கசிகிறதா, இரத்தமே உறையாமல் இருக்கிறதா? முதலாவது என்றால் திரும்பத் திறக்க வேண்டும், இரண்டாவது என்றால் திறப்பது தீங்கு. சத்திரசிகிச்சை நிபுணர் தியேட்டர் ஆட்களைப் போக விடாமல் நிறுத்தி வைத்தார். எக்கோவில் இதயத்தைச் சுற்றிக் கட்டி இல்லை, நாள அழுத்தம் ஏறவில்லை. குழாயில் வரும் இரத்தத்தைக் கிண்ணத்தில் விட்டுப் பார்த்தார் அவர். பத்து நிமிடம் ஆகியும் உறையவில்லை. பழைய வைத்தியம், ஆனால் அந்த இரவில் அது ஒரு இயந்திரத்துக்குச் சமம். உறைதலின் ஒவ்வொரு கட்டத்தையும் படமாகக் காட்டும் கருவி அப்போது எங்களிடம் வேலை செய்யவில்லை. அது இருந்திருந்தால், ஹெப்பரினை அழிக்கும் நொதியம் போட்ட குழாயையும் போடாத குழாயையும் பக்கத்தில் வைத்து, பத்து நிமிடத்தில் பதில் கிடைத்திருக்கும்.

உடல் வெப்பநிலை 35.2, அயனிக் கல்சியம் 0.95. இரண்டையும் திருத்தத் தொடங்கினோம். குளிர்ந்த உடலில், கல்சியம் குறைந்த இரத்தத்தில், எந்த உறைதல் மருந்தும் பாதி வேலைதான் செய்யும். ஏசிடி 149. இளம் வைத்தியர் ஒருவர் "சேர், ஏசிடி நல்லாத்தானே இருக்கு, ஹெப்பரின் இல்லை" என்றார். அதுதான் பொறி. ஏசிடி பெரிய அளவு ஹெப்பரினைக் காட்டுவதற்கு வந்த சோதனை. சிறிய அளவை அது தவறவிடும். ஆய்வுகூடத்தில் செய்யும் ஏபிடிடி என்ற உறைதல் சோதனைதான் சின்ன ஹெப்பரினைக் காட்டிக் கொடுக்கும். அது வர ஒரு மணி நேரம் ஆயிற்று: 68 செக்கன், ஒப்பீட்டு இரத்தம் 30. சிறுதட்டுகள் 112,000, உறைகட்டிக்கு நார் தரும் புரதமான ஃபைப்ரினோஜன் 2.1. பிந்திய இரண்டும் மோசமில்லை. பிழை ஒரு பக்கத்தில்தான்.

ஹெப்பரின் திரும்பி வந்திருந்தது. காலையில் பலனில்லாமல் கொட்டிய ஹெப்பரினில் ஒரு பகுதி பிளாஸ்மாப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு கிடந்திருக்க வேண்டும். புரோட்டமின் உடலில் சில நிமிடங்களே நிற்கும். அது போன பிறகு, ஒட்டிக்கிடந்த ஹெப்பரின் மெல்ல மெல்ல அவிழ்ந்து வரும். இப்போது பிளாஸ்மா தந்த அன்டித்ரொம்பினும் கூடவே இருக்கிறது. காலையில் ஆள் இல்லாமல் நின்ற கங்காணிகளுக்கு மாலையில் ஆள் கிடைத்துவிட்டது. அதன் மேல் என் இரண்டு பைகள். பம்ப் இரத்தத்தில் மில்லிலீற்றருக்கு 3 அலகு என்று குறைவாகவே வைத்தாலும் 700க்கு 2,100 அலகு. அதை முறிக்க 21 மில்லிகிராம் புரோட்டமின் தேவை. கொடுத்தது பூச்சியம்.

25 மில்லிகிராம் புரோட்டமினைப் பத்து நிமிடத்தில் ஏற்றினோம், அரை மணி நேரம் கழித்து இன்னொரு 25. அதற்கு மேல் போகவில்லை. நாலாவது மணி நேரம் 180, பிறகு 70, பிறகு 40. பிளாஸ்மாவோ சிறுதட்டுகளோ மேற்கொண்டு கொடுக்கவில்லை. பத்தரை மணிக்கு தியேட்டர் ஆட்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். கம்பளைக்குக் கடைசி பஸ் போய்விட்டது என்று ஒருவர் முணுமுணுத்தார், அதற்கு நான்தான் காரணம் என்பதை அவரிடம் சொல்லவில்லை. நேரம் கழித்துச் சொன்னேன்.

அதற்குப் பிறகு இரண்டு விஷயங்களை மாற்றினோம். பம்ப் இரத்தப் பைக்குச் சிவப்புச் சீட்டு, "ஹெப்பரின் உண்டு" என்று மூன்று மொழியிலும், பக்கத்தில் எவ்வளவு புரோட்டமின் வேண்டும் என்ற எண்ணோடு. முதல் நாள் மாலை நான் நிரப்பும் தாளில் ஒரு வரி: ஹெப்பரின் எத்தனை நாள்? ஐந்துக்கு மேல் என்றால் பிளட் பேங்குக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை.

விடுதியில்

ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தேன். எழுந்து உட்கார்ந்து பிளேன் டீ குடித்துக்கொண்டிருந்தார். வார்ஃபரின் தொடங்கியாயிற்று, வாழ்நாள் முழுக்க. மைட்ரலில் உலோக வால்வு என்பதால் ஐஎன்ஆர் (வார்ஃபரின் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் எண்) 2.5க்கும் 3.5க்கும் இடையில் இருக்க வேண்டும். நடந்ததை எல்லாம் அவருக்கு விளங்கும்படி சொன்னேன், என் சிவப்புச் சீட்டுக் கதை உட்பட. கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, மொத உறையாம இருக்க மருந்து போட்டீங்க. அப்புறம் உறையணும்னு போட்டீங்க. இப்ப மறுபடியும் உறையக் கூடாதுன்னு மாத்திரை குடுக்கிறீங்க. ஒங்களுக்கு முடிவா என்னதான் வேணும்?"

"அக்கா, உடம்புக்குள்ள இப்ப ஒரு இரும்புக் கதவு இருக்கு. அதுல ரத்தம் ஒட்டக் கூடாது, ஆனா கைய வெட்டுனா நிக்கவும் வேணும். அந்த நடு அளவுக்குத்தான் மாத்திரை."

தோட்டத்திலிருந்து வைத்தியசாலைக்கு ஒரு நாள் பயணம், ஒரு நாள் பேர், அதாவது கூலி, போகும். ஆகவே இரத்தப் பரிசோதனையைப் பக்கத்து ஆதார வைத்தியசாலையில் எடுக்க எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாவது வாரம் 1.7. தோட்டத்தில் காமன் கூத்து, மாத்திரை நினைவில்லை. அளவைக் கூட்டாமல், அதே அளவை ஒழுங்காகப் போடச் சொன்னார்கள். அடுத்தது 2.9.

மூன்றாம் மாதம் கிளினிக்குக்கு வந்தபோது வலது கணுக்காலில் ஒரு துணிக்கட்டு. அட்டை. மலைக்கு இன்னும் போகவில்லையாம், வீட்டுக்குப் பின்னால் விறகு பொறுக்கப் போனதாம். காலையில் கடித்தது மாலைவரை கசிந்திருக்கிறது. அன்றைய ஐஎன்ஆர் 3.1. அட்டையின் எச்சிலும் வார்ஃபரினும் ஒரே காலில் கூட்டுச் சேர்ந்திருந்தன. அட்டையைப் பிய்க்காமல் உப்பு போட்டு விழ விடவும், சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியைப் பத்து நிமிடம் எடுக்காமல் அழுத்திப் பிடிக்கவும், அரை மணி நேரத்தில் நிற்காவிட்டால் தோட்ட டிஸ்பென்சரிக்கு மாத்திரைக் கொப்பியோடு போகவும் சொன்னேன். கொப்பியை எடுத்து என்னிடம் நீட்டினார், எழுதித் தரச் சொல்லி. மகள் படித்துச் சொல்லுவாளாம்.